முப்பது கெஜம்

எண் ஏற ஏற ரவை இளைக்கும்.
இந்தத் தலைகீழ்க் கணக்கு விளங்க
எனக்கு ஒரு வருடம் ஆனது.

போன மார்ச்சில் கோட்டுப் பையில் இருந்தது ஆறாம் எண்.
ஃபெசன்ட் பறவைக்கு வாங்கியதில் மிச்சம்.
தோட்டாவுக்குள் கடுகு கடுகாய் முந்நூறு.
முந்நூறு நிறையத்தானே என்று நினைத்தேன்.
நரி உருண்டது. எழுந்தது.
மூன்று காலில் வேலிக்கடியில் நுழைந்து போனது.
பதினொரு நாள் கழித்து
வடிகால் வாயில் நின்று குரைத்தது என் நாய்.
அதைப் பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன்.

ரயடர் ஊரில், நாய் பிஸ்கட்டுக்கும்
ஆட்டு முதுகில் எண் போடும் நீல மைக்கும் நடுவே
டெக்வின் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்.
உரிமத்தைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"ஏ-ஏ-ஏ. சிறு பட்டாணி. ஒன்று பட்டால் போதும்."
"படுமா?"
"அது உன் பாடு."
பி-பி, மிளகு.
மூன்றாம் எண், மிளகுக்குத் தம்பி, கடுகுக்கு அண்ணன்.
பக்கத்தில் பூட்ஸ் பார்த்துக்கொண்டிருந்த எம்லின் ப்ராசர்
யாரும் கேட்காமலே சொன்னார்,
ஏ-ஏ-ஏவில் அறுபது கெஜத்தில் ஒரு நரியை விழுத்தாட்டியதாக.
போன மாதம் அது ஐம்பது.

மூன்றிலும் ஒவ்வொரு பெட்டி வாங்கி
தீவனக் கணக்கில் எழுதினேன்.

வாஷிங் மெஷின் வந்த அட்டையைப் பிரித்து
நரி வரைந்தேன். எனக்கு வரைய வராது.
வால் சரியாக வந்தது, மற்றதெல்லாம் பன்றி.
களஞ்சியச் சுவரில் சாய்த்து, முப்பது எட்டு நடந்து, திரும்பி
பட்டாணியைச் சுட்டேன்.
நாற்பத்துச் சொச்சம் ரவையில் நரிமேல் நான்கு:
வாலில் இரண்டு, காதில் ஒன்று, பின்காலில் ஒன்று.
நெஞ்சு இருந்த இடம் கீறல்கூட இல்லாமல்
என்னைப் பார்த்தது.
அந்தப் பின்கால் ஓட்டையில் சுண்டுவிரலை விட்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.

மூன்றாம் எண் அட்டையைச் சல்லடையாக்கியது.
ஆனால் நனைந்த பழைய டெலிபோன் புத்தகத்தில்
'ஜோன்ஸ்' தாண்டும் முன் மூச்சு விட்டது.
(எங்கள் ஊரில் அது நிறையப் பக்கம், இருந்தாலும்.)
மிளகு பின்னட்டையில் வெளியே வந்தது.
முப்பதில் பதினொன்று, நெஞ்சில் ஐந்து.
நாற்பதில் நெஞ்சில் ஒன்று.
ஐம்பதின் அட்டையை எண்ணாமலே
அடுப்பில் வைத்தேன். எம்லினுக்குக் காட்டியிருக்கலாம்.

பி-பி பெட்டியை எடுத்துக்கொண்டேன்.
கூடவே ஒரு கம்பமும் சம்மட்டியும்.
குட்டி போடும் வயலில், நான் படுக்கும் கற்சுவரிலிருந்து
முப்பது கெஜம் அளந்து அடித்தேன்.

இடம் போனாலென்ன, வலம் போனாலென்ன, எங்கள் ஆட்டுக்கு
நரி நரிதான்.
விடியுமுன் வந்தது. அவசரமே இல்லை.
கம்பத்துக்கு அந்தப் பக்கம், எட்டுக் கெஜம் இருக்கும்,
அறுபத்தொன்றாம் எண் அப்போதுதான் போட்ட
நஞ்சுக்கொடியைத் தின்றது.
ஈரக் குட்டிகள் இரண்டும் ஆட்டின் வயிற்றுக்கடியில்.
ஆடு காலைத் தட்டியது.
விரலுக்கடியில் துப்பாக்கியின் பூட்டு சில்லென்றிருந்தது.
அறுபது என்றார் எம்லின் என் காதுக்குள்.
முப்பத்தெட்டு என்றது கம்பம்.
நரி வாயைப் புல்லில் துடைத்து,
கம்பத்தை முகர்ந்துகூடப் பார்க்காமல் போனது.

மறுநாள் அறுபத்தொன்றிடம் ஒரே குட்டி.
நரியோ, காக்கையோ, ராத்திரி மழையோ,
தடம் எதுவும் மிஞ்சவில்லை.

மாலையில் வாஷிங் மெஷின் கடகடவென்று நின்றது.
டிரம்மில் என் கோட்டோடு இரண்டு தோட்டா,
லாவண்டர் மணத்தோடு, பித்தளை பளபளக்க.
துவைத்ததைச் சுடக் கூடாது என்றார் டெக்வின் போனில்.
சிரிக்காமல் சொன்னார், அதற்கு நன்றி.

அந்த ஆடு இன்னும் கத்துகிறது.
கம்பத்தைக் கொஞ்சம் தள்ளி அடித்தால் யாருக்குத் தெரியும்?
சம்மட்டியை டிராக்டர் இருக்கைக்குப் பின்னால் போட்டேன்.
நாளை சுவரை விட்டு எட்டுக் கெஜம் முன்னால்,
முட்புதர்ப் பள்ளத்தில்,
முழங்கையளவு சேற்றில் படுத்திருப்பேன்.